கையெழுத்தும் கைத்தொழிலும்

(ஜோகூர் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



"பையனைத் தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பலாமா?" என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள்; அதைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள் என்று செயலாளர் என்னைப் பணித்தார். நான் பேச்சாளன் அல்லன். குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். என் தாய் தந்தை இருவரும் பால்வெட்டியவர்கள். 1990-களில் ஒரு பயிற்சிப் பள்ளியில் வெல்டிங் படித்தேன். நான் பட்டதைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

எங்கள் வகுப்பில் இருபத்தைந்து பேர். ஓடுகிற வெல்டிங் இயந்திரங்கள் ஐந்து. முதல் ஆசிரியர் காலையில் கரும்பலகை நிறைய எழுதிவிட்டுப் போவார். நாங்கள் அதைப் பார்த்து எழுதுவோம். ஒவ்வொரு வேலையையும் செய்து முடித்தோம் என்பதற்குப் பயிற்சி ஏட்டில் அவர் கையெழுத்திட வேண்டும். மாதக் கடைசியில் ஏடுகளை அடுக்கி வைத்து, செய்த வேலைக்கும் செய்யாத வேலைக்கும் சேர்த்தே கையெழுத்துப் போடுவார். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஐந்து இயந்திரத்தை வைத்துக்கொண்டு இருபத்தைந்து பேருக்கு அவர் என்னதான் செய்வார்? வெட்கம் என்னவென்றால், சுலபமாகக் கையெழுத்துக் கிடைத்ததில் நாங்களும் மகிழ்ந்தோம்.

என்னோடு எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவனும் சேர்ந்தான். "கிகிர் எடுத்து வா" என்று ஒரு நாள் பட்டறையில் அவனிடம் சொன்னார்கள். விழித்துக்கொண்டு நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். கிகிர் என்பது மலாயில் அரம். சிறு வயதிலிருந்தே அரம் பிடித்துப் பழகிய கை அவனுடையது! பொருளை அறிந்தவன், சொல்லை அறியவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் இருந்து வந்த எங்களுக்குப் பட்டறை மலாய் புதிது. தீபாவளிக்கு வீட்டுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று லயத்தில் பேசினார்கள். அது பொய். யாராவது ஒருவர் உட்கார்ந்து ஐம்பது சொற்களைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அவன் இன்று என்னைவிட நல்ல தொழிலாளியாக இருப்பான்.

நிற்க. இரண்டாம் அரையாண்டில் வேறு ஆசிரியர் வந்தார். வயதான மலாய்க்காரர், கப்பல் பட்டறையில் நெடுநாள் வேலை பார்த்தவர். நாங்கள் ஒட்டிய இரும்பைக் கிடுக்கியில் மாட்டிச் சுத்தியால் அடித்து வளைப்பார். பிளந்துவிட்டால் கையெழுத்துக் கிடையாது. ஒரு நாள் என்னிடம், "உன் அப்பாவுக்கு என்ன வேலை?" என்றார். குனிந்துகொண்டு, "பால்வெட்டு" என்றேன். "எந்தச் சரிவில் வெட்டுகிறார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் அப்பாவைக் கேட்டேன். "மரத்தில் தகடு வைத்து முப்பது டிகிரி சரிவில் கோடு போடுவார்கள். அந்தச் சரிவு மாறக்கூடாது. உள்மரத்தில் கத்தி படக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் பட்டையாவது மிச்சமிருக்க வேண்டும். காயம் பட்டால் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும்" என்றார். திங்கட்கிழமை அதை அப்படியே ஆசிரியரிடம் சொன்னேன். "இதிலும் அதே கைதான்" என்றார். "குச்சியின் சாய்வு மாறாதே. குச்சியின் தடிப்புக்கு மேல் இடைவெளி விடாதே. ஒரே வேகத்தில் போ. உன் வீட்டிலேயே இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்களே!" அன்றுதான் என் அப்பாவின் வேலையும் ஒரு தொழிற்கலை என்பதை உணர்ந்தேன்.

ஆனால் முதல் அரையாண்டில் செய்யாமல் விட்டது என்னைத் தொடர்ந்து வந்தது. முதல் வேலையில், கீழிருந்து மேலே ஒட்ட வேண்டிய ஒரு தாங்கியை ஒட்டினேன். மேலே படிந்த கசடைத் தட்டித் துடைக்காமல் அடுத்த வரியைப் போட்டுவிட்டேன். பாரம் ஏற்றியதும் பிளந்தது. நல்ல வேளை, கீழே யாரும் நிற்கவில்லை. "உன் சான்றிதழில் இது இருக்கிறதே!" என்றார் மேற்பார்வையாளர். ஏட்டில் இருந்தது, கையில் இல்லை. அதன்பின் எட்டு மாதம் எடுபிடிச் சம்பளத்தில் நின்று மறுபடியும் கற்றேன்.

ஆகவே, அனுப்பலாமா என்று கேட்கிறவர்களுக்கு, அனுப்புங்கள் என்றே சொல்கிறேன். ரப்பர் காடுகள் செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்ட இந்த ஜோகூரில், தோட்டம் போனால் லயமும் போகும். கையிலுள்ள தொழில் போகாது. பாசிர் கூடாங்கிலும் பத்து பகாட்டிலும் மனிதவள அமைச்சின் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் எந்தப் பள்ளியாக இருந்தாலும் சேர்க்குமுன் நேரில் போய்ப் பாருங்கள். ஓர் இயந்திரத்துக்கு எத்தனை மாணவர்? வாரத்தில் எத்தனை மணி நேரம் கருவி கையில் இருக்கும்? மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்குமா, எந்தப் படிநிலை வரை? அதில் மூன்று படிநிலைகள் உண்டு. நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. திறன் மேம்பாட்டு நிதியில் பணம் எடுத்தால் அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

பையன் முதல் விடுமுறைக்கு வரும்போது, "என்ன மார்க்கு?" என்று கேளாதீர்கள். "இன்றைக்கு உன் கையால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். திரும்பிப் போகத் தயங்கினால் திட்டாமல் காரணம் கேளுங்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பம் மலாயில் வருகிறது, கடைசி நாளும் வைக்கிறார்கள். பெரட்டுக் களத்தில் அதைப் படித்துச் சொல்லுங்கள், நிரப்பிக் கொடுங்கள். நம் தோட்டப் பட்டறையில் இருபது வருஷமாக டிராக்டர் பழுது பார்க்கும் அண்ணன்மார்களும் இருக்கிறார்கள். அவர்கள் மறுபடி பள்ளிக்குப் போக வேண்டியதில்லை. அனுபவத்துக்குச் சான்று காட்டி மதிப்பீட்டில் தேறினால், அதே மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. அதற்குச் செய்த வேலையின் பதிவுகள் வேண்டும், முதலாளியின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தை எழுத வைப்பது உங்கள் மேசையில் இருக்கிறது.

பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகளே, செய்யாத வேலைக்கு ஆசிரியர் கையெழுத்துப் போட வந்தால், "ஐயா, இதை நான் இன்னும் செய்யவில்லை, சொல்லிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேளாமல் இருந்த வெட்கம் எனக்கு எட்டு மாதச் சம்பளத்தைத் தின்றது.