காவிரித் தீர்த்தத்துடன் ஒரு நாள்

பங்குனி மாதத்தில் மஞ்சளும் பச்சையும் உடுத்திய மக்கள் தோளிலே காவடி தாங்கிக் கொங்கு நாட்டுச் சாலைகளில் தெற்கு நோக்கிச் சாரிசாரியாகச் செல்வதை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். அக்காவடிகளில் தொங்கும் செம்புகளில் இருப்பது காவிரி நீர். கொடுமுடியில் முகந்த அந்த நீரைப் பழனிக்குக் கால்நடையாகக் கொண்டுசென்று, பங்குனி உத்திரத்தையொட்டி முருகப் பெருமானின் திருமுழுக்குக்கு அளிப்பர். செல்லும் வழியைப் பொறுத்து 90 முதல் 100 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும்.

என் தமையனார் ஆண்டு தவறாமல் இவ்வாறு நடந்தவர். நானோ பள்ளியில் விஞ்ஞானமும் பூகோளமும் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வுபெற்றவன். "பேருந்தில் போனால் மூன்று மணி நேரம், அதற்கு ஏன் இத்தனை நாள்?" என்று அவரைக் கேலி செய்திருக்கிறேன். அவர் சிரிப்பாரேயன்றி விடை சொன்னதில்லை. சென்ற ஐப்பசியில் அவர் காலமானார். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன் என்னை அருகே அழைத்து, "வர்ற பங்குனிக்கு என் செம்பை நீ கொண்டு போயிரு, தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு வயது 66.

காவடி தாங்க என் தோள் இடங்கொடாது. ஆகவே அண்ணன் செம்பை மட்டும் துணியில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டேன். கொடுமுடியில் மகுடேசுவரர் கோயிலின் வன்னி மரத்து இலைகளை நீரில் இட்டார்கள். அந்த இலை கிடந்தால் நீர் கெடாது என்பது அவ்வூர் வழக்கு. சோதித்துப் பார்க்க வேண்டுமென்ற வாத்தியார் புத்தி எனக்கும் எழுந்தது, அடக்கிக்கொண்டேன். எங்கள் குழுவில் 14 பேர். வெள்ளகோவில் கடந்து, இரண்டாம் நாள் இரவு மூலனூரில் தங்கினோம். நான் சொல்ல வந்தது மூன்றாம் நாளைப் பற்றி.

வெயிலுக்கு அஞ்சி விடியற்காலை மூன்று மணிக்கே புறப்பட்டோம். தாராபுரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். நிலவொளியில் முருங்கைத் தோட்டங்கள் வெள்ளை வெளேரெனப் பூத்து நின்றன. வேப்பம்பூவின் மணம் சாலை நெடுகிலும் எங்களுடன் வந்தது. கிழக்கு வெளுத்த பிறகு கொறங்காடுகள் தென்பட்டன. கொறங்காடு என்பது உழாது விட்ட காடு அன்று. மாடு மேய்வதற்கென்றே பேணி வளர்க்கும் நிலம். சுற்றிலும் முட்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நடுநடுவே நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரங்கள். மழை குறைந்த இந்தச் சீமையில் காங்கேயம் மாடுகளைக் காத்து வந்தது இந்த ஏற்பாடுதான். முப்பதாண்டுகள் பாடம் சொன்ன நான் கிளுவை வேலியைக் கையால் தொட்டுப் பார்த்தது அன்றுதான்.

அப்படி வேலியைப் பார்த்துக்கொண்டே நடந்ததுதான் பிழையாயிற்று. எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கினேன். தார் விளிம்பிலிருந்து வெறுங்கால் நழுவியது. பள்ளத்தில் விழுந்தேன். எழுந்தபோது கணுக்கால் வலித்தது. அதைவிடத் தோளில் இருந்த துணி நனைந்திருந்தது. செம்பின் வாய்க்கட்டு அவிழ்ந்து, நீர் முழுதும் மண்ணிலே போய்விட்டது. இரண்டு வன்னி இலைகள் மட்டும் அடியில் ஒட்டிக்கிடந்தன.

அண்ணன் செம்பு! அத்தனை ஆண்டுகள் அவர் கையில் சிந்தாத நீர், என் கையில் மூன்று நாள் தங்கவில்லை. பொடிப் பையன்போல் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

குழுவினர் சூழ்ந்துகொண்டனர். ஒருவர், "விடுங்க வாத்தியாரய்யா, தாராபுரத்துல அமராவதி இருக்குது. அதும் காவிரியில சேர்ற ஆறுதானுங்களே" என்றார். எனக்கு இருந்த துயரத்திலும் பூகோளம் விடவில்லை. "அமராவதி காவிரியோடு கலப்பது கரூருக்கு அப்பால் திருமுக்கூடலூரில். கொடுமுடி அதற்கு மேலே இருக்கிறது. அமராவதியின் ஒரு சொட்டும் கொடுமுடி நீரில் இராது" என்றேன். அவர் பாவம், வாயை மூடிக்கொண்டார்.

எங்களை அழைத்து வந்த பெரியவர் ஒரு விவசாயி, அதிகம் பேசாதவர். சற்று நேரம் செம்பையே நோக்கியிருந்தார். அதற்குள் கூட்டத்தில் மூத்தவளான ஆத்தா தன் காவடியை மருமகள் தோளுக்கு மாற்றிவிட்டு, செம்பின் கட்டை அவிழ்த்தாள். "நீட்டு சாமி" என்று என் செம்பில் ஒரு கை நீர் வார்த்தாள். "உங்க அண்ணன் எனக்குப் பல வருசம் முன்னால நடந்து வழிகாட்டுனவரு" என்றாள். பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பத்துப் பேர் வார்த்தனர். செம்பு முக்கால் நிறைந்தது.

இளைஞன் ஒருவன் மட்டும் தன் செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "என்னால முடியாதுங்கய்யா, மன்னிச்சுக்குங்க" என்றான். யாரோ அவனைக் கடிந்துகொண்டார், நான் தடுத்தேன். தன் வேண்டுதலில் ஒரு துளியும் குறையலாகாது என்று நினைப்பவனை என்னவென்று கடிவது?

எஞ்சிய வழியை ஒரு கோலூன்றி நடந்தேன். ஒவ்வோர் அடியிலும் ஒரே கேள்வி: பதினொருவர் செம்பிலிருந்து வந்த இந்த நீர் அண்ணனுடைய தீர்த்தம் ஆகுமா? பெரியவரிடம் கேட்டேன். "கொடுமுடியில மொள்ளும்போது அது யாரு தண்ணிங்க?" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. எனக்கும் ஐயம் முழுதும் தீர்ந்ததென்று சொல்ல மாட்டேன்.

நண்பகலுக்குள் தாராபுரம் அடைந்தோம். அமராவதியில் நீர் கணுக்காலளவே ஓடியது. வீங்கிய காலை அதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். செம்புகளைத் தரையில் வைக்கலாகாது என்பது எங்கள் குழுவின் கட்டுப்பாடு. ஆகவே அனைத்தையும் ஒரு வேம்பின் கிளைகளில் தொங்கவிட்டிருந்தார்கள்.

இரவு அந்த இளைஞன் உப்பிட்ட வெந்நீர் கொண்டுவந்து என் காலுக்கு ஒற்றடம் கொடுத்தான். அவனுடைய நான்கு வயதுக் குழந்தைக்கு இருதயத்தில் சிகிச்சை நடக்க இருந்ததாம். சித்திரையில் நாள் குறித்திருந்தார்கள். "குழந்தை பெயர் என்ன?" என்றேன். சொன்னான். என் அண்ணனுடைய பெயரும் முருகனுடைய பெயர்களில் ஒன்றுதான் என்று நான் சொன்னபோது சிறிது சிரித்தான்.

விடியற்காலை மூன்று மணிக்குப் பெரியவர் "அரோகரா!" என்று குரல் கொடுத்தார். வீக்கம் சற்று வடிந்திருந்தது. கிளையிலிருந்து அண்ணன் செம்பை அந்த இளைஞனே இறக்கி, வாய்க்கட்டை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு என் தோளில் மாட்டினான்.