பயிர் நிக்குது, மணி இல்லை!

(திருவொற்றியூர் விளக்கக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



"வயக்காட்டுப் பேச்சை திருவொற்றியூர்ல வந்து ஏன் பேசறீங்க?" என்று கேட்பீர்கள். இங்கே கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மீஞ்சூர், பொன்னேரி. அங்கே நெல் போடுகிறவர்கள் நாங்கள். கொதிகலன் பக்கத்தில் நின்று வேலை செய்கிற உங்களுக்குச் சூடு என்றால் என்னவென்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அது பயிரை என்ன பண்ணுது என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

இலைதான் பயிருக்கு ஆலை. வெயில், தண்ணீர், காற்றிலுள்ள கரியமில வாயு மூன்றையும் வைத்து அது சர்க்கரை தயாரிக்கிறது. இதுதான் ஒளிச்சேர்க்கை. கரியமில வாயுவைப் பிடிக்கிற வேலையை ரூபிஸ்கோ என்ற நொதி செய்கிறது. அதை வேலையில் வைத்திருக்க மேஸ்திரி மாதிரி இன்னொரு புரதம் இருக்கிறது. சூடு ஏறினால் முதலில் படுத்துவிடுவது அந்த மேஸ்திரிதான். ரூபிஸ்கோவும் கரியமில வாயுவை விட்டுவிட்டு ஆக்சிஜனை அதிகமாகப் பிடிக்கும். சேர்த்ததில் ஒரு பங்கு வீண். தண்ணீரும் குறைந்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். வாயு உள்ளே வராது, இலையும் குளிராது.

ராத்திரியாவது விடுதா என்றால் அதுவும் இல்லை. பகலில் சேர்த்த சர்க்கரையை இரவில் பயிர் சுவாசித்துச் செலவழிக்கிறது. புழுக்கம் கூடினால் செலவும் கூடும். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் பண்ணைக் கணக்கை ஆராய்ந்து 2004ல் சொன்னது: வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் நெல் விளைச்சல் சுமார் 10 சதம் குறைகிறது. பூக்கிற நேரத்தில் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, கதிர் பதராகும். எங்கள் சொர்ணவாரி நெல் கோடையில்தான் வளருது!

கோதுமைக்கும் இதே கதி. 2022 மார்ச், 1901க்குப் பிறகு நாடு கண்ட வெப்பம் மிகுந்த மார்ச். வடக்கே மணி பால் பிடிக்கிற சமயம் அது. 11.13 கோடி டன் வரும் என்று பிப்ரவரியில் போட்ட மதிப்பீட்டை மே மாதம் 10.64 கோடி டன்னாகக் குறைத்தார்கள். மே 13ல் கோதுமை ஏற்றுமதிக்கே தடை வந்தது. வடக்கே வெயில் அடித்தால் இங்கே சப்பாத்தி விலை ஏறுது. அதனால் இது விவசாயி பிரச்சினை மட்டுமல்ல தோழர்களே, உங்கள் சாப்பாட்டுத் தட்டுப் பிரச்சினை.

வெள்ளம் வந்தால் கண்ணுக்குத் தெரியும், படம் எடுப்பார்கள். வெப்பம் அடித்த வயல் பச்சையாகவே நிற்கும். பார்வையிட வருகிறவர், "பயிர் நல்லாத்தானே நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போவார். பேரிடர் நிவாரண விதிப்படி 33 சதமாவது சேதம் இருக்க வேண்டும். 10 சதம், 15 சதம் என்று வருஷா வருஷம் போனால் எந்தக் கணக்கிலும் ஏறாது. கடன் கணக்கில் மட்டும் ஏறும்.

தண்ணீர் பாய்ச்சிக் குளிர வைக்கலாமே என்பார்கள். எந்தத் தண்ணீரை? நகரத்துக்கும் ஆலைகளுக்கும் மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரைப் பல ஆண்டுகள் இறைத்ததில் கடல் நீர் உள்ளே வந்து கிணறுகள் உப்பாகிவிட்டன. இதில் தொழிலாளியைக் குறை சொல்லவில்லை. திட்டம் போட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. வரவேற்கிறோம். அதோடு நிற்கக் கூடாது. எங்கள் கோரிக்கைகள்:

* வெப்பத்தால் வரும் மகசூல் இழப்புக்கும் நிவாரணம் கொடு!
* பூக்கும் பருவத்தில் பகல், இரவு வெப்பத்தை ஊர்வாரியாகப் பதிவு செய். அதை இழப்பீட்டுக்கு ஆதாரமாக ஏற்றுக்கொள்!
* பயிர் அறுவடைப் பரிசோதனையை விவசாயிகள் முன்னிலையில் நடத்து. பதரையும் எடைபோட்டுப் பார்!
* சூடு தாங்கும் நெல் விதையை விதைப்புக்கு முன்பே கொடு!
* ஏரிகளைத் தூர்வாரு. உப்பு நீர் உள்ளே வருவதைத் தடுத்து நிறுத்து!

உலைக்களத்தில் நிற்கிறவரும் வயலில் நிற்கிறவரும் ஒரே வெயிலில்தான் வேகிறோம். கோரிக்கையையும் ஒன்றாகவே எழுப்புவோம். திரண்டு வாருங்கள்!