இல்லமும் உரிமையும்



சமுதாயத்தின் இயற்கையானதும் அடிப்படையானதுமான பிரிவு குடும்பமே என்றும், அது சமுதாயத்தினாலும் அரசினாலும் காக்கப்படுதற்கு உரியது என்றும் 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் தனது 16ஆம் உறுப்புரையில் எடுத்துரைக்கின்றது. அவ்வாறாயின் ஒரு வினா எழுகின்றது. குடும்பத்தைக் காத்தல் என்பது அக்குடும்பத்துள் நலிந்த ஒருவரைக் காத்தலும் ஆகுமா? அன்றி, குடும்பத்தின் பெயரைக் காப்பதற்காக அந்த ஒருவர் மறைக்கப்படுதலும் உண்டா?

உண்டு என்பதைப் பலரும் அறிவர். மூத்த மகளுக்கு வரன் பேச வருகின்றார்கள். முன் விறாந்தையிற் பாய் விரிக்கப்படுகின்றது, பலகாரம் வைக்கப்படுகின்றது. நடக்க இயலாத இளைய மகள் அன்று காலையிலேயே பின்னறைக்கு மாற்றப்பட்டுக் கதவும் சாத்தப்படுகின்றது. அவ்வீட்டார் கொடியவர் அல்லர். அவளுக்கு வேளை தவறாது உணவூட்டுபவரும், இரவிற் கண் விழிப்பவரும் அவர்களே. குடும்பத்திற் குறையுண்டு என்று கூறி மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவரோ என்னும் அச்சமே அக்கதவைச் சாத்துகின்றது. ஆதலின் தாயைக் குற்றவாளியாக்கிப் பேசுவோர் பாதியையே கண்டவராவர். பெண் கேட்டு வருவோரும் அக்கதவைச் சாத்தியவர்களுள் அடங்குவர்.

ஊர் வழங்கும் பெயர்களும் இத்தகையனவே. குறையின் பெயரே ஆளின் பெயராகிவிட, பெற்றோர் நாளும் கோளும் பார்த்து வைத்த பெயர் பாடசாலை இடாப்பிற்கூட ஏறாது போவதுண்டு. அங்கவீனர், வலது குறைந்தோர், மாற்றுத்திறனாளிகள் என்று பொதுச்சொற்கள் காலத்துக்குக் காலம் மாறிவந்துள்ளன. அம்மாற்றம் நன்றே. எனினும் அவரவரைச் சொந்தப் பெயரிட்டு அழைத்தல் அதனினும் எளிது.

இவர்கள் தொகையிற் சிலர் அல்லர். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் 8.7 சதவீதத்தினர், அதாவது பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டோர், ஏதேனும் ஓர் இயலாமையுடன் வாழ்ந்தனர். 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரினாற் காலையோ கண்ணையோ இழந்தோரும் வடக்கிலும் கிழக்கிலும் உளர்.

ஐக்கிய நாடுகள் சபை 2006 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தில் இலங்கை 2007ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் கையொப்பமிட்டது. அதனை உறுதிப்படுத்தியதோ 2016 பெப்ரவரியில். இடையிற் கழிந்தவை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள். அதன் 23ஆம் உறுப்புரை இல்லத்தைப் பற்றியது. பிள்ளையை மறைத்து வைத்தல், கைவிடுதல், புறக்கணித்தல், ஒதுக்கி வைத்தல் ஆகியவற்றைத் தடுக்கும்பொருட்டு, பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் தகவலும் சேவையும் ஆதரவும் காலத்தே வழங்க அரசு கடமைப்பட்டது என்கின்றது. மறைத்த தாயைத் தண்டிக்க என்று அது தொடங்கவில்லை. தாய்க்குத் துணை செய்க என்றே தொடங்குகின்றது. இயலாமையைக் காரணங்காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தலாகாது என்பதும் அவ்வுறுப்புரையே. பெற்றோரால் இயலாதவிடத்து உற்றார் வீடு. அதுவும் இயலாதவிடத்து, ஊருக்குள்ளேயே குடும்பம் போன்றதொரு சூழல்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. 1912ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதும் இரத்மலானையில் உள்ளதுமான செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலையும், கைதடியில் உள்ள நவீல்ட் பாடசாலையும் பல தலைமுறையினருக்கு எழுத்தும் தொழிலும் தந்தவை. எனினும் காது கேளாத சிறுமி ஒருத்தி தொலைவான விடுதியிற் சைகை மொழியைக் கற்று, விடுமுறைக்கு வீடு திரும்பும்போது நிகழ்வது யாது? அவள் கைகள் பேசுகின்றன. வீட்டில் எவருக்கும் அம்மொழி தெரியாது. சாப்பிடு, வா, படு என்னும் மூன்று நான்கு குறிகளுடன் விடுமுறை முழுவதும் கழிந்துவிடுகின்றது. பிள்ளைக்குக் கல்வி உரிமை கிடைத்தது. குடும்பத்துக்கு அப்பிள்ளை கிடைக்கவில்லை. தாய்க்கும் தமையனுக்கும் அம்மொழியைக் கற்பிக்கும் ஏற்பாடு, பிள்ளையின் கல்விச் செலவினுள் அடங்கவேண்டியதேயன்றி வேறொரு தருமம் அன்று.

சொத்துப் பங்கீட்டிலும் கவனம் தேவை. சீதனத்துக்காகக் காணி பிரிக்கப்படும்போது, இவளுக்குத் திருமணம் ஏது என்று கூறி அப்பெண்ணின் பங்கு ஒத்திவைக்கப்படுகின்றது. அவளைப் பார்த்துக்கொள்வதாகத் தமையன் வாக்களிக்கின்றான்; பெரும்பாலும் மெய்யாகவே வாக்களிக்கின்றான். ஆயினும் வாக்கு வேறு, உறுதி வேறு. திருமணம் செய்யும் உரிமையும், சொத்தினை உடைமையாகவும் மரபுரிமையாகவும் பெறும் உரிமையும் அவளுக்குச் சமமாகவே உண்டு என்று சமவாயம் கூறுகின்றது. நொத்தாரிசின் முன் அவள் பெயரும் உறுதியில் எழுதப்படுமாயின், பிற்காலத்தில் அவள் யார் வீட்டிலும் அண்டி வாழ்பவள் ஆகமாட்டாள்.

இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலைக்குச் சேர்ப்பதிலும் கல்வி நிறுவனங்களில் அனுமதிப்பதிலும் இயலாமை காரணமாகப் பாரபட்சம் காட்டுதலைத் தடுக்கின்றது. இடமில்லை என்னும் விடையுடன் பெற்றோர் பாடசாலை வாசலிலேயே திரும்பிவிடலாகாது; விடையை எழுத்திற் கேட்டுப் பெறலாம். உதவித்தொகை, சக்கர நாற்காலி முதலியன குறித்துப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரை நாடுதல் வேண்டும்.

பணத்தாலன்றி ஆளால் ஆகவேண்டிய உதவியும் ஒன்றுண்டு. சமவாயத்தின் 28ஆம் உறுப்புரை, வறுமையில் வாழும் இத்தகைய குடும்பங்களுக்குரிய அரசின் உதவிகளுள், பராமரிப்போர் இளைப்பாறும் வகையிலான மாற்றுப் பராமரிப்பையும் சேர்த்துள்ளது. பத்தாண்டுகளாகத் தேர்த்திருவிழாவையே காணாத தாய்மார் உளர். அரசின் ஏற்பாடு வந்து சேரும்வரை, பெரியம்மாவோ அயல்வீட்டு அக்காவோ கிழமைக்கு ஒரு பிற்பகல் வந்திருக்கலாம். எவ்வாறு தூக்குவது, எந்தப் பக்கமாகச் சாய்த்து உணவூட்டுவது, வலிப்பு வந்தால் யாது செய்வது என்பவற்றைத் தாயிடம் முன்னதாகவே கற்றுக்கொள்ளல் அவசியம். யார் வந்திருப்பது என்பதை மட்டும் அப்பெண்ணிடமே கேட்டறிதல் வேண்டும்.