வேலிக்கால் அறைதலும் டிராக்டர்ப் பொறியும்

(செம்பவாங்கில் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலி என்றவுடன் முள்கம்பிதான் நம் கண்முன் தோன்றும். ஆயினும் வேலியைத் தாங்கி நிற்பது கம்பியன்று; மண்ணுக்குள் மறைந்திருக்கும் காலின் அடிப்பகுதியே அதனைத் தாங்குகின்றது. அக்காலை மண்ணுள் இறக்கும் வேலை முன்னாளில் கடப்பாரையாலும் சம்மட்டியாலும் நடைபெற்றது. இந்நாளில் பல தோட்டங்களில் அதனை டிராக்டர் செய்கின்றது. நாள் முழுவதும் நால்வர் செய்த வேலையை இருவர் அரை நாளில் முடிக்கின்றனர். தோள்வலி குறைந்தது உண்மையே. ஆனால் சம்மட்டி தவறினால் விரல் நசுங்கும். பொறி தவறினால் உயிரே போகும். ஆகவேதான் இப்பொருளை இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

நாம் கூடியிருக்கும் இவ்விடத்திற்கும் இப்பொருளுக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. செம்பவாங் என்பதே ஒரு மரத்தின் பெயர் என்பர். நம் நாட்டு நாங்கு மரத்திற்கு அது உறவு. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பூங்காவிற்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் நாற்றுகளின் வழிவந்த மரங்களே பின்னர் இத்தீவின் வடபகுதியைப் பால்மரக் காடாக்கின. 1911ஆம் ஆண்டில் புக்கிட் செம்பவாங் ரப்பர்க் கம்பெனி தோன்றிற்று. அத்தொழிலில் முன்னின்றவர் லிம் நீ சூன். ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே அன்னாசி பயிரிட்டு, மரம் பால் தரும்வரை அன்னாசியால் வருவாய் கண்டவர் அவர். 1923ஆம் ஆண்டில் கடற்படைத் தளத்திற்கு இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1938ஆம் ஆண்டில் தளம் திறக்கப்பெற்றது. தமிழரும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் அங்கு உழைத்தனர். இன்று தோட்டமும் இல்லை, அத்தளமும் பழைய நிலையில் இல்லை. அடுக்குமாடி வீடுகளே நிற்கின்றன. அந்த ரப்பர்க் கம்பெனியின் வழிவந்த நிறுவனம் இன்று வீடு கட்டி விற்கின்றது என்பது காலத்தின் விந்தை.

இவ்வடுக்குமாடிகளின் கீழே என்ன இருக்கின்றது? மண்ணுள் அறையப்பட்ட தூண்கள். சிங்கப்பூரின் பழைய கடைவீடுகள் பலவற்றின் கீழே சதுப்புநிலத்துப் பக்காவ் கழிகள் அறையப்பட்டிருந்தன. பெரிய எடையை உயர்த்தித் தலைமேல் விழச்செய்து தூணை இறக்குவதே அம்முறை. வேலிக்கால் அறையும் பொறியும் அதன் சிறிய தம்பியே. கட்டட வேலையில் அப்பொறியின் அருகே எவரும் அலட்சியமாக நிற்பதில்லை. தோட்டத்தில் மட்டும், ‘இது வேலிக்கால்தானே’ என்னும் எண்ணம் வந்துவிடுகின்றது. இவ்வெண்ணமே முதற்பகை.

ரப்பர்க் கன்று வெட்டுக்கு வர ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும். அதற்குள் மாடு மேயும். மான் தளிரைக் கடிக்கும். காட்டுப்பன்றி வேரையே கிளறிவிடும். மறுநடவு நிலத்திற்கு வேலி வேண்டும் என்பதில் ஐயமில்லை. யானைக்கு மட்டும் முள்கம்பி ஒரு தடையே அன்று. அங்கே மின்வேலி வேண்டும். அது பயிற்சி பெற்றவரின் வேலை. நம் கையால் இழுத்துக் கட்டும் காரியமன்று.

வேலிக்கால் எதுவாக இருக்கவேண்டும்? வெட்டிச் சாய்த்த பால்மரம் கைக்கு எளிதாகக் கிடைக்கின்றது என்று அதனையே நடுபவர் உண்டு. அது வீண்வேலை. மருந்தேற்றிய ரப்பர்ப் பலகை வீட்டினுள்ளே நாற்காலியாக நெடுநாள் இருக்கும். ஈரமண்ணிலோ கறையானும் பூசணமும் விரைவில் தின்றுவிடும். செங்கால் போன்ற வன்மரம் நெடுங்காலம் நிற்கும். ஆனால் அது இன்று அரிது, விலையும் பெரிது. மருந்தூட்டிய மரமும் சிமெண்டுக் காலுமே பெரும்பாலும் கிடைப்பவை. இவற்றுள் சிமெண்டுக் காலைத் தலையில் அறைந்து இறக்கலாகாது, வெடித்துவிடும். அதற்குக் குழிதோண்டி நடுவதே முறை. மரக்கால் முதலில் உளுத்துப் போவது மண்மட்டத்திலேயாம்; காற்றும் ஈரமும் சேரும் இடம் அதுவே. ஆகவே பழைய வேலியைச் சோதிக்கும்போது மேலே தட்டிப் பார்த்துப் பயனில்லை. மண்மட்டத்தைச் சற்றே கிளறிப் பார்க்க வேண்டும்.

காலின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மண்ணுள் இருத்தல் நலம். மூலைக்காலும் வாயிற்காலும் இன்னும் ஆழமாக இறங்க வேண்டும். அவற்றிற்குச் சாய்வுத் தாங்கியும் வேண்டும். கம்பியின் இழுவை முழுவதும் மூலைக்காலின்மீதே விழுகின்றது. அது அசைந்தால் வரிசை முழுவதும் தளரும். சிறிய நுனி கீழே, பருத்த நுனி மேலே இருக்குமாறு காலை நிறுத்துவதே அறைவதற்கு ஏற்றது. குழிதோண்டி நட்ட காலைச் சுற்றி நிரப்பிய மண் தளர்ந்தே இருக்கும். எத்துணை இடித்தாலும் பழைய உறுதி வருவதில்லை. அறைந்து இறக்கிய காலோ மண்ணைப் பக்கத்தில் நெருக்கித் தனக்குத்தானே உறுதி தேடிக்கொள்கின்றது. பொறி கொண்டு அறைவதன் பெரும்பயன் இதுவே. காய்ந்த செம்மண்ணில் கால் இறங்காது. மழைக்குப்பின் ஈரம் இருக்கும்போது இறக்கலாம், அல்லது கடப்பாரையால் முன்துளை இட்டுக்கொள்ளலாம். முன்துளைக்கு இன்னொரு பயனும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுகின்றேன்.

இனி டிராக்டரின் செய்தி. இங்கு இரு முறைகள் உள்ளன. ஒன்று, கம்பம் அறைவதற்கெனவே அமைந்த பொறி. கனத்த இரும்புக் கட்டியை நீரழுத்த விசை உயர்த்த, அது வழிச்சட்டத்தினுள் விழுந்து காலை அறையும். மற்றொன்று, மண்ணள்ளும் முன்வாளியைக் காலின் தலைமேல் வைத்து அழுத்துவது. இரண்டாவது முறையே தோட்டங்களில் மிகுதி. ஏனெனில் தனிப்பொறி வாங்கவேண்டியதில்லை. அதுவே ஆபத்திலும் மிகுந்தது.

காரணம் எளிது. வாளி மண் அள்ளுவதற்கென்று அமைந்தது. அது நேராகக் கீழிறங்குவதில்லை, வளைவாக இறங்குகின்றது. கால் சிறிது சாய்ந்தாலும் வாளியின் விளிம்பிலிருந்து வழுக்கித் தெறிக்கும். மரம் உலர்ந்திருந்தால் பிளந்து சில்லுகள் பறக்கும். நீரழுத்தக் குழாய் வெடித்தால் உயர்த்திய வாளி எச்சரிக்கையின்றி விழும். இவ்வளவும் நிகழும்போது காலைக் கையால் பிடித்துக்கொண்டு ஒருவர் கீழே நிற்கின்றார். ஓட்டுநரின் பார்வையை வாளியே மறைத்திருக்கும். பிடித்திருப்பவரின் தலை அவருக்குத் தெரியாது. இதைக் கண்டும் காணாதவர்போல் செல்லும் மண்டோரும் உண்டு. அது பெருந்தவறு.

அறையும் பொறியிலும் இதே நிலைதான். 200 கிலோ எடை 1 மீட்டர் உயரத்திலிருந்து விழ அரை வினாடிகூட ஆவதில்லை. கண் கண்டு, மனம் உணர்ந்து, கை விலகுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ‘நான் விழிப்பாக இருப்பேன்’ என்னும் சொல் இங்குச் செல்லாது. எவ்வளவு விழிப்பாயினும் அரை வினாடியை வெல்ல இயலாது. கையை அங்கு வைக்காமலிருப்பதே வழி.

அவ்வாறாயின் காலை யார் பிடிப்பது? ஒருவரும் பிடிக்க வேண்டுவதில்லை. முன்துளையின் பயன் இதுவே. ஓர் அடியேனும் ஆழமாகத் துளையிட்டால் கால் தானாகவே நிற்கும். நிற்காவிடில், நீண்ட பிடியுள்ள கவைக்கோலால் எட்ட இருந்து தாங்கலாம். உதவியாளர் காலின் நீளத்தினும் அதிகமான தொலைவிற்கு விலகி, ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில் நின்று கையுயர்த்திக் காட்டிய பின்னரே வாளியோ கட்டியோ இறங்க வேண்டும். கை உயரவில்லையாயின் இறங்கலாகாது. சாய்வைத் திருத்தவேண்டின் முதலில் பொறி நிற்கவேண்டும். பின்னரே உதவியாளர் அருகே வரவேண்டும். இதனால் ஒரு காலுக்கு அரை நிமிடம் கூடுதலாகும் என்று முணுமுணுப்பவர்கள் இருப்பார்கள். நூறு காலுக்கு ஐம்பது நிமிடம். அவ்வளவே.

பி.டி.ஓ. என நாம் அழைக்கும் பின்புறச் சுழல்தண்டைப் பற்றியும் சொல்லவேண்டும். குழிதோண்டும் துரப்பணம் அதனாலேயே சுழல்கின்றது. அதன் வழக்கமான வேகம் நிமிடத்திற்கு 540 சுற்று. அதாவது வினாடிக்கு 9 சுற்று. 8 செண்டிமீட்டர் பருமனுள்ள தண்டாயினும் ஒரு வினாடியில் 2 மீட்டருக்கு மேற்பட்ட துணியைச் சுருட்டிவிடும். தாய்மார்களின் முந்தானையும், ஆடவரின் கைலியும், தலையில் கட்டிய துண்டும் அதற்கு ஒன்றே. காப்புறை இல்லாத தண்டின் அருகே எவரும் செல்லலாகாது. உறை உடைந்திருந்தால் அன்றைய வேலையை நிறுத்துவதே சரி.

மேட்டு நிலத்துப் படிவரிசைகளில் டிராக்டர் குடைசாய்வதும் உண்டு. வாளியை உயர்த்தியபடி சரிவில் திரும்புவதே பெரும்பாலும் காரணம். பாரம் உயர உயர வண்டி நிலை தடுமாறும். புதிய டிராக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்கவேண்டுமென 1959ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாடு சட்டமாக்கியது. நம் பக்கத்துப் பழைய வண்டிகள் சிலவற்றில் அது இன்றும் இல்லை. சட்டம் உள்ள வண்டியில் இடுப்புவாரையும் அணியவேண்டும். வார் இல்லையேல் சட்டத்தின் பயன் குறைந்துவிடும்.

இவற்றையெல்லாம் நிருவாகத்திடம் கேட்பது எப்படி என்று நீங்கள் நினைக்கலாம். மலேசியத் தோட்டங்களில் உழைப்பவர்க்கு 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் துணை நிற்கின்றது. 2024 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து உண்டென நம்புவதற்குத் தக்க காரணம் உள்ள தொழிலாளி அதனை முதலாளியிடம் தெரிவித்தும் நடவடிக்கை இல்லையாயின் அவ்விடத்தினின்று விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கலாகாது. முதலில் தெரிவிக்கவேண்டும் என்பதை மறக்கவேண்டா. மண்டோரிடம் சொல்லும்போது உடன் ஒருவரையும் வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நேர்ந்தால் சிறியதாயினும் அலுவலகப் பதிவில் ஏறவேண்டும். சொக்சோ பாதுகாப்பு 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்க்கும் உண்டு. வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்து உங்களோடு வேலி கட்டும் தோழருக்கு மொழி தெரியாமலிருக்கலாம். கையுயர்த்தும் சைகையை முதல் நாளே அவருக்குக் காட்டிக் கொடுங்கள்.

கடைசியாக இரு செய்திகள். பச்சை நிற மருந்தூட்டிய காலின் வெட்டுத்துண்டுகளை அடுப்பெரிக்க எடுத்துச் செல்லாதீர்கள். அம்மருந்தில் பெரும்பாலும் செம்பும் குரோமியமும் ஆர்செனிக்கும் இருக்கும். புகையும் சாம்பலும் நஞ்சு. ஆட்டுக்கொட்டகையில் அச்சாம்பலைத் தூவுவதும் கூடாது. மாலையில் வேலை முடிந்ததும் வாளியைத் தரையில் இறக்கி, எந்திரத்தை நிறுத்தி, சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு செல்லுங்கள். லயத்துப் பிள்ளைகள் விளையாட வரும் நேரம் அது.