மூச்சின் நடை



பேசும்போதும் பாடும்போதும் மூச்சை நம் விருப்பப்படி நடத்துவது பெருமூளை. நாம் அதனை மறந்திருக்கும்போதும் உறங்கும்போதும் நடத்துவது மூளைத்தண்டு. பிடரிக்கு மேலே அமைந்த இச்சிறு பகுதி நடுமூளை, பான்ஸ், முகுளம் என மூன்று கூறுகள் உடையது. இங்குள்ள குருதிக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ மூளைத்தண்டுப் பக்கவாதம் உண்டாகிறது.

அப்போது மூச்சின் நடை மாறக்கூடும். நடுமூளைப் பாதிப்பில் மூச்சு ஓயாமல் ஆழமாகவும் விரைவாகவும் ஓடலாம். பான்ஸின் கீழ்ப்பகுதி பழுதுற்றால், உள்ளிழுத்த மூச்சு சற்று நின்று பின்னரே வெளிவரலாம். முகுளம் பழுதுற்றாலோ ஒழுங்கே இராது. சிறுமூச்சு, பெருமூச்சு, நிறுத்தம் என மாறி மாறி வரும். இதுவே மிகவும் அஞ்சத்தக்கது.

மெல்ல வளர்ந்து, தேய்ந்து, நின்று, மீண்டும் வளரும் மூச்சும் ஒன்றுண்டு. டப்ளின் நகர மருத்துவர்களான ஜான் செயின் 1818இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இலும் விவரித்தமையால், அது செயின்–ஸ்டோக்ஸ் மூச்சு எனப் பெயர் பெற்றது. இதயம் தளர்ந்தவர்களிடமும் இது தோன்றும். ஆகவே, மூச்சை மட்டும் கொண்டு நோயின் இடத்தை உறுதி செய்ய இயலாது. ஸ்கேன் பரிசோதனை வேண்டும்.

அரிதான மற்றோர் இடரும் உண்டு. முகுளம் பாதிக்கப்பட்டவர் விழித்திருக்கையில் இயல்பாக மூச்சு விடுவார். கண்ணயர்ந்ததும் மூச்சு நின்றுபோகலாம். "நன்றாக உறங்குகிறார்" என்று நாம் ஆறுதல் கொள்ளும் வேளையே ஆபத்தான வேளையாகிவிடும். எனவேதான் இத்தகையோரை மருத்துவமனையில் இரவிலும் கண்காணிக்கின்றனர்.

திடீர்த் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், விழுங்க இயலாமை ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். கைகால் விளங்குகின்றனவே என்று காலைவரை காத்திருத்தல் தகாது. தொண்டை நனையட்டும் என்று நீரோ பாலோ புகட்டுதலும் கூடாது. விழுங்குதலும் மூளைத்தண்டின் பொறுப்பே. புகட்டியது நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும். நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும் என்பதால், மருத்துவர் முதலில் கேட்பது அதுவே.

மூச்சுத் தடுமாறக் கண்டதும் இறுதி நெருங்கிற்று என்று உறவினருக்குச் சொல்லியனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. செயற்கைச் சுவாசத்தின் துணையால் அக்கட்டத்தைக் கடந்து பிழைத்தோரும் உளர். ஆகவே, முதல் அழைப்பு 108க்குச் செல்லட்டும். உறவினர்க்குப் பிறகு சொல்லலாம்.