அடுத்த அறைக் கணினி ஏன் திறக்கவில்லை?



தோட்டத்து வீடுகளிலும், தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறிய நம்மவர் வீடுகளிலும் கணினி இன்று புதுமைப் பொருளன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, சிரமப்பட்டுக் கணினி வாங்கிய பெற்றோர் பலர். இப்பொழுது சில வீடுகளில் இரண்டு இருக்கின்றன. முன்கூடத்தில் அண்ணனின் பழைய மேசைக் கணினி. உள்ளறையில் தங்கையின் மடிக்கணினி. அண்ணன் சேர்த்து வைத்த பாடக் குறிப்புகளைத் தங்கை தன் இடத்திலிருந்தே திறந்து படிக்கலாம். வீட்டிலுள்ள ரூட்டர் ஒன்றே போதும். இணையம் நின்றுபோன நாளிலும் இது நடக்கும்.

ஆனால், நேற்றுவரை திறந்த கோப்பு இன்று திறக்க மறுக்கிறது. உடனே, “கணினி கெட்டுப்போய்விட்டது” என்று கடைக்குத் தூக்கிச் செல்கிறோம். சம்பளத்தில் ஒரு பகுதி அங்கே கரைகிறது. உண்மையில் பல வேளைகளில் கெட்டுப்போனது எதுவும் இராது. எங்கோ ஒரு கதவு சாத்தியிருக்கும். எந்தக் கதவு என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

வேறொரு தோட்டத்திலிருக்கும் உறவினர் வீட்டுக்குப் போவதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் பாதை வேண்டும். அடுத்து வீட்டு எண் தெரிய வேண்டும். வீட்டில் ஆள் விழித்திருந்து கதவைத் திறக்க வேண்டும். உள்ளே போனபின் அலமாரியைத் திறக்க வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். கணினிகளுக்குள்ளும் இதே ஒழுங்குதான்.

கணினி மறுக்கும்போது திரையில் வரும் ஆங்கில வாசகத்தை அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்திப் படிக்கச் சொல்லுங்கள். ‘நாட் ஃபௌண்ட்’, அதாவது காணவில்லை என்று வந்தால், பாதை, எண், வாசற்கதவு ஆகியவற்றில் குறை. ‘பெர்மிஷன்’ இல்லை என்றோ, கடவுச்சொல் தவறு என்றோ வந்தால், வாசலைத் தாண்டியாயிற்று, அலமாரிதான் பூட்டியிருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில், காணவில்லை என்றால் என்ன செய்வது? இரண்டு கணினிகளும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று ரூட்டரிலும் மற்றொன்று அப்பாவின் கைப்பேசி இணைப்பிலும் இருந்தால், இரண்டிலும் இணையம் வரும். ஆனால் ஒன்றை ஒன்று காணாது. ரூட்டரில் விருந்தினருக்கென்று ‘கெஸ்ட்’ இணைப்பு இருந்தால் அதிலும் இந்தத் தடை இருக்கக்கூடும்.

அடுத்து, எண்ணைப் பாருங்கள். செட்டிங்ஸ் பகுதியில் நெட்வொர்க் என்ற இடத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி இருக்கும். வீடுகளில் பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், அந்தக் கணினிக்கு ரூட்டர் எண் கொடுக்கவில்லை என்று பொருள். ரூட்டரை அணைத்து மீண்டும் போட்டுப் பாருங்கள். இந்த எண்கள் நிலையானவை அல்ல. ரூட்டர் அவ்வப்போது மாற்றிக் கொடுக்கலாம். சென்ற மாதம் எழுதி வைத்த எண் இன்று உதவாமற் போவது அதனால்தான்.

மூன்றாவது, கோப்பு உள்ள கணினி தூங்கிவிட்டதா என்று கவனியுங்கள். விழித்திருந்தும் காணவில்லையென்றால், விண்டோஸ் அந்த இணைப்பைப் ‘பப்ளிக்’, அதாவது பொது இடம் என்று கருதிக் கதவைச் சாத்தியிருக்கலாம். நம் வீட்டு இணைப்பை ‘பிரைவேட்’ என்று மாற்றி, கோப்புப் பகிர்வை இயக்க வேண்டும்.

இனி, அனுமதி இல்லை என்று வந்தால்? கேட்கப்படுவது கோப்பு உள்ள கணினியின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். தங்கையின் கணினிக்குரியவை அல்ல. தினமும் திறக்க அழுத்தும் நான்கு இலக்கப் பின் எண்ணும் இங்கே செல்லாது. அது அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் வெளியிலிருந்து வர விடுவதில்லை. ஆகவே அண்ணனின் கணக்குக்கு ஒரு கடவுச்சொல் அவசியம்.

அதன் பிறகும் திறக்கவில்லையெனில், அந்த அடைவின் ‘புராப்பர்டிஸ்’ பக்கத்தில் ‘ஷேரிங்’, ‘செக்யூரிட்டி’ என்னும் இரு பகுதிகளையும் பாருங்கள். இவை ஓர் அலமாரிக்கு இரண்டு பூட்டுகள். ஒன்றைத் திறந்து மற்றொன்றை விட்டால் அலமாரி திறவாது.

மிகப் பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. கணினி வைத்திருப்போர்க்கு ஒரு சொல். அது பேசும் பழைய பகிர்வு முறையிலிருந்த ஓட்டை வழியாகத்தான் 2017ஆம் ஆண்டு மே மாதம் வான்னாகிரை என்னும் நச்சுநிரல் உலகமெங்கும் பரவியது. அவ்வாண்டின் பிற்பகுதியிலிருந்து புதிய விண்டோஸ் 10 நிறுவல்களில் அம்முறை பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. அதை மீண்டும் இயக்க வேண்டாம். பழைய கணினியிலிருந்து கோப்புகளை விரலியில் எடுத்துக்கொள்வதே நலம்.

தாய்மார்களே, தந்தையரே, ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பொறுமை இழந்தவர்கள் எல்லாப் பூட்டுகளையும் உடைத்துவிடுவார்கள். பாதுகாப்புச் சுவரை அணைத்து, எல்லாரும் எதையும் செய்யலாம் என்று அனுமதித்துவிடுவார்கள். கோப்பு உடனே திறக்கும், மகிழ்ச்சிதான். ஆனால் நம் வைஃபையின் கடவுச்சொல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியுமல்லவா? அந்தக் கணினியில் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சேமநிதிக் கணக்கு ஆகியவற்றின் படிகளும் இருக்கின்றனவே! அவையும் திறந்த வீடாகிவிடும்.

ஆகவே, பாடக் குறிப்புகளுக்கென்று தனி அடைவு ஒன்றை ஏற்படுத்தி அதை மட்டும் பகிருங்கள். படிக்க மட்டும் வேண்டுமானால் ‘ரீட்’ அனுமதியே போதும். பகிர்ந்த அடைவிலிருந்து மற்றொரு கணினி வழியே அழிக்கப்படும் கோப்பு, பெரும்பாலும் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாமல் மறைந்துவிடும். தம்பி விளையாட்டாக ஒரு விசையைத் தட்டினால், தேர்வு நெருங்கும் வேளையில் அண்ணனின் ஓராண்டு உழைப்புப் போய்விடும். முக்கியமானவற்றுக்கு விரலியில் ஒரு படி எப்போதும் இருக்கட்டும்.

பாதை, எண், வாசல், அலமாரி என்ற வரிசையை ஒரு தாளில் எழுதிக் கணினிக்கு அருகில் ஒட்டி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைக் குறித்து வையுங்கள். பயன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும். இவ்வளவும் பார்த்தபின் கடைக்குப் போனாலும், எந்தக் கதவு திறக்கவில்லை என்று நீங்களே சொல்ல முடியும். விவரம் தெரிந்து பேசுகிறவரிடம் தேவையற்ற செலவைச் சுமத்துவது எளிதன்று.