தென்னை: ஒற்றைக் குருத்தின் அமானிதம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டபின், நம் வீட்டுத் தோட்டங்களில் நிற்கும் தென்னையைக் குறித்துச் சில சொற்கள் கூற நமக்கு வாய்ப்பளிக்கப்பட்டுள்ளது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பழைய வீடு என்றால் பின்புறம் ஒரு கிணறு, ஒரு துவைக்கும் கல், அந்நீர் ஓடிப் பாயும் இடத்தில் இரண்டு தென்னைகள் என்பதே வழக்கமாக இருந்தது. வீடு இடிந்து அடுக்ககம் எழும்போது அம்மரங்கள் முதலில் வீழ்கின்றன. அது ஒருபுறமிருக்க, வீடு அப்படியே நிற்கும் இடங்களிலும் தென்னைகள் வெட்டப்படுகின்றன. ‘காய் விழுகிறது, ஏறுவதற்கு ஆள் இல்லை, ஓலை கறுத்துவிட்டது’ என்று மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. இம்மூன்றுக்கும் மருந்து உண்டு, அம்மருந்து கோடரி அன்று என்பதே இவ்வுரையின் சாரம்.

முதலில் இம்மரத்தின் இயல்பை அறிந்துகொள்வோம். மாவையும் வேம்பையும் வெட்டினால் வெட்டிய இடத்தின் அருகே துளிர்க்கும். அவற்றின் பட்டையில் ஏற்பட்ட காயம் நாளடைவில் மூடிக்கொள்ளும். தென்னை, பனை, பேரீச்சை, கமுகு ஆகியவை அவ்வினத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை புல்லின் உறவு. தென்னையின் தண்டுக்கு ஒரே ஒரு குருத்துத்தான் உண்டு. மட்டையும் பாளையும் காயும் அதிலிருந்தே பிறக்கின்றன. அது அழுகினால் அறுபது ஆண்டு மரமும் மடிந்துவிடும். தண்டைப் பருக்கச் செய்து காயத்தை ஆற்றும் திசு அதற்கு இல்லை. ஆகவே இன்று நாம் அடிக்கும் ஓர் ஆணியின் துளை அம்மரத்தின் ஆயுள் முழுவதும் இருக்கும். தென்னையைப் பேணும் முறைகள் யாவும் இந்த இரண்டு உண்மைகளிலிருந்தே வருகின்றன.

இதை மனத்தில் கொண்டு நம் வீட்டுத் தென்னைகளைப் பார்ப்போம். கொடி கட்ட ஓர் ஆணி, பெயர்ப்பலகைக்கு ஓர் ஆணி, தொலைக்காட்சிக் கம்பியை இறுக்க ஒரு முடிச்சு, ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் கொத்திய படிகள் எனப் பலவற்றைக் காணலாம். இவை ஒவ்வொன்றும் பூச்சிகளுக்கும் பூஞ்சைக்கும் திறந்து வைத்த வாசல். நிகாஹ் வீட்டு விளக்குச் சரத்தைக் கயிற்றால் தளர்வாகக் கட்டி, மறுநாளே அவிழ்த்துவிடலாம். அதற்கு ஆணி தேவையில்லை.

அடுத்தது மட்டை கழிப்பது. ‘மரத்தைச் சுத்தம் செய்கிறோம்’ என்று கூறிப் பச்சை மட்டைகளையும் வெட்டி, உச்சியில் நாலைந்து ஓலைகளை மட்டும் விட்டுவிடுகிறார்கள். நல்ல நிலையில் உள்ள நெட்டைத் தென்னையின் கொண்டையில் முப்பதுக்கும் மேற்பட்ட மட்டைகள் இருக்க வேண்டும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலிருந்தும் ஒரு பாளை வருகிறது. அந்த மட்டையே குலையைத் தாங்குகிறது. அதற்கு உணவும் சமைத்துத் தருகிறது. எனவே காய்ந்து தொங்கும் மட்டைகளை மட்டும் நீக்க வேண்டும். மின்கம்பியின் பொருட்டுப் பச்சை மட்டையை வெட்டியே தீர வேண்டுமெனில், தண்டிலிருந்து நான்கடி விட்டு வெட்டுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அறிவுறுத்துகிறது. பச்சைக் காயத்தின் வாசனையைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டு வரும். தண்டை ஒட்டி வெட்டினால் அதன் புழு நேரே தண்டுக்குள் புகுந்துவிடும்.

மூன்றாவது, அடிமண். முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளமோ ஓடுகளோ பாவி, தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் மட்டும் விடுகிறோம். ‘வேர் அடித்தளத்தைப் பிளந்துவிடும்’ என்ற அச்சமே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தண்டின் அடியிலிருந்து ஆயிரக்கணக்கான வேர்கள் கிளம்புகின்றன. அவற்றுள் எதுவும் விரல் பருமனைத் தாண்டுவதில்லை. ஆல், அரசு போல ஆண்டுதோறும் பருப்பதுமில்லை. சுவரை ஒட்டி நட்டிருந்தால் தண்டின் அடிப்பகுதி பருத்து மதிலைத் தள்ளக்கூடும். ஆதலால் புதிதாக நடும்போது சுவரிலிருந்து ஏழெட்டு அடியாவது தள்ளி நட வேண்டும். மேலும், புயலில் மரத்தை நிறுத்துவதும் இவ்வேர்களே. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் நம் நகரின் சாலை மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்ததை நாம் அனைவரும் கண்டோம். 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளின் தென்னந்தோப்புகளையே சாய்த்தது. தென்னை வீழாத மரம் என்று எவரும் கூற இயலாது. வேர் பரவ இடமளிப்பதே நம்மால் இயன்ற காவல்.

இனி, புதிதாக நட விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். நம் பகுதியில் மண் ஒரே தன்மையுடையதன்று. தியாகராய நகர், பழைய மாம்பலம் ஏரியின் படுகையில் 1920களில் உருவான குடியிருப்பு. அங்கும் மேற்கு மாம்பலத்திலும் களிமண் மிகுதி, நீர் தேங்கும். சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர் ஆகிய கடலோரப் பகுதிகளில் மணற்பாங்கான மண். நீர் நில்லாது இறங்கிவிடும். மூன்றடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, மட்கிய எரு, செம்மண், மணல் மூன்றையும் சமமாகக் கலந்து இரண்டடி உயரத்திற்கு நிரப்ப வேண்டும். களிமண்ணில் மணலைச் சற்றுக் கூட்டி, நீர் வடிய வழி செய்ய வேண்டும். மணற்பகுதியில் தேங்காய் மட்டைகளைக் குழிவான பக்கம் மேலே இருக்கும்படி அடியில் இரண்டு வரிசை அடுக்கினால் ஈரம் காக்கப்படும். ஆறு இலைகளேனும் விட்ட, கழுத்துப் பகுதி தடித்த கன்றையே தெரிவு செய்ய வேண்டும். ஒன்றுக்கு மேல் நடுவோர் இரு கன்றுகளுக்கிடையே 25 அடி விடுக. இடம் குறைந்தவர்கள் நெருக்கி இரண்டு நடுவதைவிட ஒன்றை நன்றாக வளர்ப்பதே மேல். நெட்டை வகைகள் காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். சாவக்காடு ஆரஞ்சு போன்ற குட்டை வகைகள் மூன்று, நான்கு ஆண்டுகளில் இளநீர் தரும். கைக்கெட்டும் உயரத்திலேயே பல ஆண்டுகள் காய்க்கும். ஏறுவதற்கு ஆள் கிடைக்காத நகரத்திற்கு இவ்வகை பொருத்தமானது.

நீரைப் பற்றிக் கூறுவோம். வளர்ந்த தென்னைக்குக் கோடையில் நாளொன்றுக்கு அறுபது லிட்டருக்குக் குறையாமல் நீர் வேண்டும். சென்னையில் வாழும் நாம் இவ்வளவு நீருக்கு எங்கே போவது என்ற கேள்வி எழும். நம் பாட்டிமார் இதற்கு விடை கண்டிருந்தார்கள். அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் ஒரு வாய்க்கால் வழியே தென்னைக்கு விட்டார்கள். சோப்பும் சலவைத்தூளும் கலவாத எந்தக் கழிவுநீரும் இதற்கு ஏற்றதே. அந்த வகையில், உளூச் செய்து வடியும் நீரைப் போலத் தென்னைக்கு உகந்த நீர் வேறில்லை. பள்ளிவாசல்களில் அந்நீர் சாக்கடையில் கலப்பதைத் தவிர்த்து மரங்களுக்குத் திருப்பலாம். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்தில் பாத்தி அமைத்து, இலைச் சருகும் தேங்காய் நாரும் பரப்பிவைத்தால், அதுவும் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் வழியாகும்.

உரத்திலும் அளவு உண்டு. ஐந்து வயதைக் கடந்த மரத்திற்கு ஆண்டுக்கு 50 கிலோ மட்கிய எருவும், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷும் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. இதனை இரு பகுதிகளாக்கி ஜூன்-ஜூலையிலும் டிசம்பர்-ஜனவரியிலும் இட வேண்டும். ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தால் நலம். தண்டை ஒட்டிக் கொட்டாமல் சற்றுத் தள்ளி வட்டமாக இட்டு, மண்ணால் மூடி, நீர் பாய்ச்ச வேண்டும்.

தென்னையின் பகைவர் மூவர். ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியது போன்ற முக்கோண வெட்டுகள் தெரிந்தால் அது காண்டாமிருக வண்டின் வேலை. ஒற்றைக் குருத்தையே துளைப்பதால் இது கொடியது. உச்சியின் மூன்று இளமட்டைக் கக்கங்களில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரு பங்கும் கலந்து, மரத்திற்கு 150 கிராம் வீதம் இட வேண்டும். இவ்வண்டு பிறப்பது எருக்குழியிலும் அழுகும் மரத்துண்டுகளிலும் ஆகும். ஆகவே குப்பையை நீண்டநாள் கிளறாமல் விடலாகாது. இரண்டாவது, முன்னர் கூறிய சிவப்புக் கூன்வண்டு. தண்டில் துளையும், பழுப்புநிறக் கசிவும், வெளித்தள்ளிய நாரும் கண்டால் காலம் தாழ்த்தலாகாது.

மூன்றாவது, ஓலை கறுத்தல். இதற்காகவே பலர் மரத்தை வெட்ட எண்ணுகிறார்கள். 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் காணப்பட்டு, பின்னர்ப் பல இடங்களுக்கும் பரவிய சுருள் வெள்ளை ஈ இதற்குக் காரணம். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இந்த ஈ ஓலையின் அடியில் இருந்து சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை விடுகிறது. அது கீழ் ஓலையிலும், கீழே நிறுத்திய காரின் மேலும் பிசுபிசுவென்று படிகிறது. அதன்மேல் கரும்பூசணம் வளர்கிறது. அஞ்ச வேண்டாம், இதனால் மரம் மெலியும், ஆனால் பெரும்பாலும் மடிவதில்லை. கடும் பூச்சிக்கொல்லி தெளிப்பதே இங்குத் தவறான செயல். இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்னும் சிறு குளவியும் அதனால் மடிந்துவிடும். ஓலையின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சியடிப்பது, மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுவது, ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசையைத் தெளித்துக் கரும்பூசணத்தை உரியச் செய்வது ஆகியன போதும்.

இப்பொழுது அண்டை வீட்டாரின் உரிமைக்கு வருவோம். நம் மரத்தின் காய் அவர் குழந்தையின் தலையில் விழுமானால், அதற்குப் பதில் கூறும் பொறுப்பு நம்முடையது. ‘மரம் எங்கள் எல்லைக்குள் நிற்கிறது’ என்பது விடையாகாது. பாளை வெடித்து ஏறத்தாழ பன்னிரண்டு மாதங்களில் காய் முற்றுகிறது. நாற்பத்தைந்து நாட்களுக்கு ஒருமுறை தவறாமல் பறித்து, காய்ந்த மட்டையையும் இறக்கிவிட்டால் தானாக விழும் காய் மிகக் குறையும். ஏறுவோர் அருகிவிட்டது உண்மையே. இக்குறையைப் போக்கவே தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, இளைஞர்களுக்கு ஏறும் கருவியுடன் பயிற்சி அளித்தது. ஒரு வீட்டின் இரண்டு மரங்களுக்காக எவரும் தொலைவிலிருந்து வரமாட்டார்; பத்து வீடுகள் ஒரே நாளில் அழைத்தால் வருவார். ஆகவே நாம் ஜமாஅத்தின் முன் வைக்கும் கோரிக்கை இதுதான்: தென்னை உள்ள வீடுகளின் பட்டியலைத் தயாரித்து, நாற்பத்தைந்து நாட்களுக்கு ஒரு நாளைக் குறித்து, கூலியைப் பகிர்ந்துகொள்வோம். வீட்டுத் தேவை போக மீதிக் காய்களை ரமழானில் நோன்புக் கஞ்சிக்கு அளிக்கலாம்.

ரமழான் என்றதும் சிலர் கேட்கும் கேள்வி நினைவுக்கு வருகிறது: உண்ட பேரீச்சங்கொட்டையை நட்டால் காய்க்குமா? மஸ்ஜிதுந் நபவியின் முதற் கட்டடத்திற்குத் தூணாக நின்றதும் கூரையாக அமைந்ததும் அம்மரமே. ஆகவே நமக்கு அதன்மீது தனி அன்பு இருப்பது இயல்பு. கொட்டை முளைக்கும். ஆனால் ஆண், பெண் மரங்கள் தனித்தனி. முளைத்தது எது என்பது பூக்கும்வரை தெரியாது. பழம் கனிய வறண்ட வெப்பம் தேவை. நம் கடற்காற்றின் ஈரம் அதற்கு ஒவ்வாது. தருமபுரி போன்ற வறண்ட மாவட்டங்களில் திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு பயிரிடுகிறார்கள். அழகுக்காக வளர்ப்பதில் தடையில்லை. பழத்தை எதிர்பார்க்க வேண்டாம். காலியிடத்தில் பனை நிற்குமானால் அதைத் தொடாதீர்கள். அது நம் மாநில மரம். அதனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது.

எல்லா மரத்தையும் காத்துவிடலாம் என்று நாம் கூறவில்லை. குருத்து அழுகிக் கையோடு வந்துவிட்டால், தண்டு உள்ளே கூடாகிவிட்டால், வீட்டின்மேல் அபாயமாகச் சாய்ந்துவிட்டால் அகற்றத்தான் வேண்டும். அப்போதும் அடிக்கட்டையையும் துண்டுகளையும் அங்கேயே போட்டுவைக்கலாகாது. அவை வண்டுகளின் கூடாகி, அண்டை வீட்டு மரத்தையும் அழித்துவிடும். ஆனால் அந்த முடிவை எடுக்குமுன், அறிந்த ஒருவரை மரத்தின் உச்சிவரை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். கீழிருந்து நோக்கிக் கறுத்த ஓலையைக் கண்டு தீர்ப்பு வழங்க வேண்டாம்.

நம்மில் பலருடைய வீட்டுத் தென்னையை நட்டவர்கள் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் நட்டதன் இளநீரை நாம் பருகுகிறோம். அந்த அமானிதத்தைப் பழுதின்றி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்போமாக.